சாயம் ஏன் ஆரஞ்சுத் தோலாகிறது?

மாணவர்களே, நம் தோட்டங்களில் 25, 30 ஆண்டுகள் வளர்ந்து பால் குறைந்த ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டு நாற்காலி, மேசைகளாகின்றன. கோலா கிளாவாங்கில் அப்படியொரு நாற்காலிக்கு நானே சாயம் தெளித்தேன். காய்ந்ததும் தடவிப் பார்த்தால், ஆரஞ்சுத் தோல் போல் மேடுபள்ளம்!

காரணம் என்ன? தெளிப்பான் சாயத்தை நுண்துளிகளாக உடைக்கிறது. மரத்தில் படிந்த துளிகள் ஒன்றுகூடிப் பரவ வேண்டும். அவற்றைச் சமமாக்குவது மேற்பரப்பு இழுவிசை, தாமதப்படுத்துவது பாகுத்தன்மை. நான் தெளிப்பானைத் தூரத்தில் பிடித்ததால், கரைப்பான் காற்றிலேயே ஆவியாகித் துளிகள் கெட்டியாகிவிட்டன. அவற்றால் பரவ முடியவில்லை. மிக அருகில் பிடித்தாலோ சாயம் வழியும்.

ஆகவே, சுமார் 20 சென்டிமீட்டர் தூரத்தில், ஒரே வேகத்தில் கையை நகர்த்தி, மெல்லிய பூச்சுகளாகத் தெளிக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் நைசான மணல்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும். கரைப்பானின் ஆவி எளிதில் தீப்பற்றும், நுரையீரலுக்கும் கெடுதல். காற்றோட்டமான இடத்தில், நெருப்பின்றி, சுவாசக் கவசம் அணிந்து, பெரியவர் துணையோடு மட்டுமே செய்யுங்கள்.

வீட்டில் ஒரு சோதனை: தட்டில் டின் பாலை ஊற்றிக் கரண்டியால் கோடு கிழியுங்கள். கோடு மறைய எத்தனை விநாடி? சிறிது நீர் கலந்து மீண்டும் கிழியுங்கள். சாயத்தில் தின்னர் கலப்பது ஏன் என்று உங்களுக்கே விளங்கும்.