மாதர் வரலாற்று வழி

ஓர் ஊரின் வரலாறு ஏடுகளில் மட்டும் எழுதப்படுவதன்று. அஃது அவ்வூரின் தெருக்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. தெருக்களுக்கு இட்ட பெயர்களும், நாற்சந்திகளில் நிற்கும் சிலைகளும், பழைய மனைகளின் சுவர்களிற் பதித்த கற்பலகைகளும் வழிப்போக்கர்க்கு முன்னோர் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஆயின், அக்கதையில் இடம்பெறுவோர் யாவர்? படைத்தலைவர், அமைச்சர், வணிகப் பெருமக்கள் என ஆடவரே மிகுதியாகக் காணப்படுகின்றனர். அதே தெருக்களில் வாழ்ந்து, கற்பித்து, நோயாளரைப் பேணி, அறத்திற்காகப் போராடிய மாதரின் பெயர்கள் அரிதாகவே தென்படுகின்றன.

இக்குறையை நீக்க முற்பட்ட நகரங்களுள் ஒன்று, அமெரிக்க நாட்டின் கீழைக் கரையில் உள்ள பாஸ்டன். அந்நகரில் 1951ஆம் ஆண்டில் 'விடுதலை வழி' என்னும் நடைவழி ஒன்று வகுக்கப்பட்டது. தரையில் இட்ட செந்நிறக் கோட்டினைப் பின்பற்றி ஏறத்தாழ 2½ மைல் நடப்பவர், அமெரிக்க விடுதலைப் போரோடு தொடர்புடைய 16 இடங்களைக் காணலாம். அவ்வழி புகழ்பெற்றது, ஆயினும், அங்கு உரைக்கப்பட்டது பெரும்பாலும் ஆடவர் வரலாறே.

1989ஆம் ஆண்டில் அந்நகரப் பொதுப்பள்ளிகளின் ஆசிரியர்களும் நூலகர்களும் மாணவர்களும் ஒன்றுகூடினர். மறக்கப்பட்ட மாதரை ஊரின் நினைவில் மீண்டும் நிலைநாட்ட வேண்டும் என உறுதிபூண்டனர். அவர்கள் முயற்சியால் 'பாஸ்டன் மாதர் மரபு வழி' தோன்றியது. நகரின் நடுப்பகுதியோடு அது நின்றுவிடவில்லை. வெவ்வேறு பகுதிகளுக்கும் தனித்தனி நடைவழிகள் பின்னர் அமைந்தன. அரசர் ஆணையாலன்றி, ஊர்மக்கள் ஆர்வத்தால் எழுந்த வரலாறு அது.

இத்தகைய பணி எளிதன்று. பழைய பதிவேடுகளிற் பல பெண்கள் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே குறிக்கப்பட்டனர். ஆதலின் அவர்தம் பெயரைக் கண்டறிவதே முதற்பணியாகிறது. செய்தித்தாள், கடிதம், பள்ளிப் பதிவு, ஊர் முதியோர் நினைவு ஆகிய எல்லாவற்றையும் துருவிப் பார்த்தல் வேண்டும். செவிவழிச் செய்தியைச் சான்றோடு ஒப்பிட்டு, மெய்யெனத் தெளிந்ததையே எழுதுதல் வேண்டும். இல்லையேல், ஒரு குறையை நீக்கப் புகுந்தோர் மற்றொரு பிழையை நாட்டியவராவர்.

இங்ஙனம் தேடியபோது வெளிப்படும் உண்மைகள் வியப்பளிப்பன. பாஸ்டனின் 'ஓல்டு சவுத்' மன்றம் விடுதலை வழியில் உள்ள புகழ்மிக்க கட்டடம். 1773ஆம் ஆண்டில் தேயிலை வரியை எதிர்த்த மக்கள் திரண்டது அங்கேதான். அம்மன்றத்துத் திருச்சபையில் பிலிஸ் வீட்லி என்னும் இளநங்கையும் உறுப்பினளாய் இருந்தாள். 1761ஆம் ஆண்டில், ஏழெட்டு வயதுச் சிறுமியாக, ஆப்பிரிக்காவினின்று அடிமையாகக் கொண்டுவரப்பட்டவள் அவள். அந்நிய மொழியைக் கற்றுக் கவிதை புனைந்தாள். அவள் நூலை அச்சிடப் பாஸ்டனில் ஆதரவு கிட்டவில்லை. 1773ஆம் ஆண்டில் இலண்டனில் அது வெளிவந்தபோது, 'இவற்றை எழுதியவள் இவளே' என நகரப் பெருமக்கள் 18 பேர் சான்றளித்த குறிப்பு உடன் அச்சிடப்பட்டது. கட்டடம் ஒன்றே; ஆண்டும் ஒன்றே. ஆயினும் ஒரு கதையை உலகம் அறிந்திருக்க, மற்றொன்று நெடுங்காலம் ஒதுங்கி நின்றது.

எலன் கிராஃப்ட் என்பவள் வரலாறும் அத்தகையதே. ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாயிருந்த அவள், 1848ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வெள்ளைக்கார நிலக்கிழாரைப் போல ஆணுடை பூண்டாள். அவள் கணவன் வில்லியம், பணியாளாக உடன் சென்றான். எழுதத் தெரியாமையின், விடுதிகளிற் கையொப்பம் கேட்பாரோ என அஞ்சி, வலக்கையைத் துணியாற் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டாள். அறிவும் துணிவும் துணைநிற்க இருவரும் விடுதலையடைந்து பாஸ்டனை எய்தினர். லூயிஸ் ஹேடன், ஹாரியட் ஹேடன் தம்பதியர் இல்லம் அவர்கட்குப் புகலிடமாயிற்று. 1850ஆம் ஆண்டில் அவர்களைப் பிடிக்க ஆட்கள் வந்தபோது, ஊரார் மறைத்துக் காத்து, இங்கிலாந்து செல்ல உதவினர்.

மேரி மகோனி என்னும் பெருமாட்டியும் அந்நகரத்தவரே. 1879ஆம் ஆண்டில், மாதரால் நிறுவப்பெற்ற மருத்துவமனையில் செவிலிப் பயிற்சியை முடித்து, அமெரிக்கக் கறுப்பின மக்களுள் முறையான பயிற்சி பெற்ற முதற் செவிலியாக விளங்கினார்.

2003ஆம் ஆண்டில் பாஸ்டனின் காமன்வெல்த் பெருவீதியில் மாதர் நினைவுச்சின்னம் ஒன்று திறக்கப்பட்டது. அபிகேல் ஆடம்ஸ், லூசி ஸ்டோன், பிலிஸ் வீட்லி ஆகிய மூவர் சிலைகள் அங்கே உள்ளன. அவ்வீதியிலுள்ள ஆடவர் சிலைகள் உயர்ந்த பீடங்களின்மேல் வீற்றிருக்கின்றன. இம்மூவரோ பீடத்தின்மேல் ஏறவில்லை. கீழே இறங்கி, ஒருத்தி அதன்மேற் சாய்ந்து நிற்க, மற்றை இருவர் அதனையே எழுதுபலகையாக்கிக் கொண்டுள்ளனர். வருவோர் அவர்தம் அருகே நின்று முகம் நோக்கலாம்; சிறு குழந்தையும் அவர் கையைத் தொடலாம்.

பெருமை உயரத்தில் இல்லை, உழைப்பில் உள்ளது என்பதை அச்சிலைகள் உணர்த்துகின்றன. இத்தகைய மாதர் வாழாத ஊர் உலகில் இல்லை. முதற்பள்ளியில் எழுத்தறிவித்த ஆசிரியை, நள்ளிரவிலும் விளக்கேந்திச் சென்ற மருத்துவச்சி, உரிமைக்காகச் சிறை புகுந்த நங்கை ஆகியோர் எங்கும் இருந்தனர். அவர்களை அறிந்த முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல் இளைஞர் கடன். நன்றி மறவாத ஊரே வரலாறுடைய ஊர் ஆகும்.