வண்டி நம்முடையது, ஓட்டியவர் வேறு

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் காரை வாங்கிக்கொண்டு ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை போகிறார். இரவு திரும்பி வந்து, "டீசல் போட்டுட்டேன் மாமா" என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்புகிறார். பத்து நாள் கழித்து, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் அந்த மாமாவின் செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. பி.ஒய். 01 என்று தொடங்கும் அவருடைய வண்டி எண், அதிவேகம், அபராதம். அன்றைக்கு அவர் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை.

கேமராவுக்கு நம்பர் பிளேட் மட்டும்தான் தெரியும். அந்த எண்ணுக்கு ஆர்.சி.யில் யார் பெயரும் செல்பேசியும் இருக்கிறதோ, அவரைத்தான் இ-சலான் தேடி வரும். அண்ணன் ஸ்கூட்டரைத் தம்பியும், தம்பி காரை அத்தை மகனும் எடுத்துப் போகும் ஊரில் இது யாருக்கும் நடக்கலாம்.

வந்த செய்தியில் உள்ள இணைப்பை உடனே தொட்டுவிடக் கூடாது. சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பை அனுப்பி, அதைத் திறந்தவரின் வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடி நாடு முழுவதும் நடக்கிறது. மத்திய அரசின் 'பரிவாகன்' இ-சலான் தளத்தை நாமே தேடித் திறந்து, முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி எண்ணோடு சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களைக் கொடுத்தால், உண்மையான சலான் அங்கே தெரியும். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைக்க வேண்டும்.

சலான் உண்மைதான் என்றால் அதிலுள்ள படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். வண்டி நம்முடையதுதானா? அதே நிறம், அதே மாடலா? நம்பர் பிளேட்டில் 3-ஐ 8 என்று கருவி படித்திருக்கலாம். யாரோ போலி பிளேட் மாட்டியிருக்கலாம். 2021 ஆகஸ்டில் மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதியின்படி, கருவி பிடித்த குற்றத்துக்குத் தெளிவான படம், பதிவான வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இவற்றில் எது குறைந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

அடுத்து, பணம் கட்டுவதா வேண்டாமா என்ற கேள்வி. காருக்கு அதிவேக அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. "போனால் போகட்டும்" என்று பலர் கட்டிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவு, இரண்டாம் முறை பிடிபட்டால் லைசென்ஸை முடக்கச் சொல்கிறது. பணத்தை மச்சானிடம் வாங்கிக்கொள்ளலாம், லைசென்ஸை வாங்க முடியாது.

அந்தப் பிரிவு தண்டிப்பது ஓட்டியவரை. சம்பளத்துக்கு வைத்த டிரைவரையோ தன் கட்டுப்பாட்டில் உள்ளவரையோ வேகமாக ஓட்ட வைத்தவரும் அதில் மாட்டுவார். மற்றபடி உரிமையாளருக்கு உள்ள கடமை 133-வது பிரிவில் இருக்கிறது: அதிகாரம் பெற்ற காவல் அதிகாரி கேட்டால், ஓட்டியவரின் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரம் சொல்ல வேண்டும். மறைத்தாலோ தெரிந்தே பொய் சொன்னாலோ 179-வது பிரிவில் 2,000 ரூபாய் அபராதம், ஒரு மாதம் வரை சிறையும் உண்டு.

ஆகவே மச்சானிடம் பேசிவிட்டு எழுத உட்கார வேண்டியதுதான். கடிதம் ஒரு பக்கம் போதும். "இந்தத் தேதியில் இந்த எண்ணுள்ள காரை ஓட்டியது நான் அல்ல. என் மனைவியின் தம்பி ஓட்டினார். அவருடைய முகவரியும் லைசென்ஸ் எண்ணும் கீழே உள்ளன" என்று சலான் எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம். "ஆம், நான்தான் ஓட்டினேன்" என்று ஓட்டியவர் கையெழுத்திட்ட வரி ஒன்று கூட இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. அவருடைய லைசென்ஸ் நகல், ஆர்.சி. நகல், நீங்கள் அன்று வேறிடத்தில் இருந்ததற்கான சான்று (அலுவலக வருகைப் பதிவோ, பேருந்து டிக்கெட்டோ) இணைக்க வேண்டும்.

எங்கே கொடுப்பது என்பதில்தான் புதுச்சேரிக்காரர்கள் தடுமாறுகிறார்கள். ஈ.சி.ஆரில் கனகசெட்டிக்குளத்தைத் தாண்டிவிட்டால் தமிழ்நாடு. அங்கே விழுந்த சலானுக்குப் புதுச்சேரி போக்குவரத்துக் காவல் எதுவும் செய்ய முடியாது. சலானில் எந்தக் காவல் பிரிவின் பெயர் இருக்கிறதோ, அங்கேதான் போக வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்க வேண்டும். தபால் என்றால் ஒப்புகை அட்டை. இ-சலான் தளத்தின் குறைதீர்ப் பகுதியிலும் பதிந்துவிடலாம். வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால், பணம் கட்டுவது, எதிர்த்து வாதாடுவது என்று இரண்டு வழி காட்டும். இரண்டாவதைத் தேர்ந்தால் வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்த முறை புதிதல்ல. பிரான்ஸில் கேமரா நோட்டீஸ் வந்தால், ஓட்டியவர் இன்னார் என்று 45 நாளுக்குள் படிவத்திலோ இணையத்திலோ சொல்லிவிடலாம். 2017 முதல் நிறுவனங்கள் தங்கள் வண்டியை ஓட்டியவரைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே சலானோடு அப்படி ஒரு படிவம் வருவதில்லை, அதனால்தான் அந்தக் கடிதம் அவ்வளவு முக்கியம்.

வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா பெயரைப் போட்டுவிடலாம் என்று யோசனை சொல்ல நாலு பேர் இருப்பார்கள். ஆஸ்திரேலியாவில் மார்கஸ் ஐன்ஃபெல்ட் என்ற முன்னாள் நீதிபதி 2006-ல் அதைத்தான் செய்தார். அபராதம் 77 டாலர். காரைத் தோழி ஒருவர் ஓட்டினார் என்று சத்தியம் செய்தார். அந்தப் பெண்மணி 2003-லேயே இறந்துபோயிருந்தார். 2009-ல் ஐன்ஃபெல்டுக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஓட்டியது 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் விஷயமே வேறு. 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதம் வண்டிப் பதிவு ரத்து. இதற்குக் கடிதம் போதாது, வக்கீலைப் பார்க்க வேண்டும்.

சுற்றுலாப் பயணிகளுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுபவர்கள், சாவி கொடுக்கும்போதே லைசென்ஸைப் படம் எடுத்து, எடுத்த நேரம், திருப்பிய நேரம் இரண்டையும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது அவசியம். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வாடகை வண்டியாக இல்லாமல் சொந்த வண்டியை வாடகைக்கு விட்டவருக்கு, ஓட்டியவரைக் காட்டப் போனால் அந்தத் தவறும் சேர்ந்து வெளியே வரும்.

வண்டியை விற்றுவிட்டும் பெயர் மாற்றாதவர்களுக்கு இன்னும் சிக்கல். விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வண்டி எத்தனை கை மாறினாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்றது. அப்படி இருப்பவர்கள் விற்பனை ரசீதோடு படிவம் 29, 30-ஐ உடனே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும்.

கடிதம் கொடுத்த பிறகு வாரம் ஒருமுறை தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். சலான் நிலுவையில் இல்லை என்று காட்டும் நாளில் அந்தத் திரையைப் படமெடுத்து, முத்திரை விழுந்த நகலோடு ஆர்.சி. உறையிலேயே வைத்துவிடலாம்.