அபயத்தின் இரண்டாம் பாதி

போரில் சிக்கியவருக்கு உயிரபயம் அளிப்பதை ஷரீஅத்தில் 'அமான்' என்பர். இதை அளிக்க அரசராக இருக்க வேண்டியதில்லை. ஹிஜ்ரி 8இல், மக்கா வெற்றியின்போது, உம்மு ஹானி (ரலி) என்ற பெண்மணி அளித்த அமானை நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக் கொண்டார்கள்.

திருமறையின் தவ்பா அத்தியாயம் 6ஆம் வசனத்தில் இரு கடமைகள் உள்ளன. இணைவைப்பவர் அபயம் கேட்டாலும் கொடுப்பது ஒன்று. அவரை அச்சமற்ற இடத்தில் கொண்டு சேர்ப்பது மற்றொன்று. இந்த இரண்டாம் பாதியையே பலர் மறந்துவிடுகின்றனர்.

அமீர் அப்துல் காதிர் (ரஹ்) அவர்கள் மறக்கவில்லை. அல்ஜீரியாவில் 1832 முதல் பிரெஞ்சுப் படையை எதிர்த்து, 1847இல் நாடிழந்து, சிறையும் கண்டவர்கள். 1860இல் லெபனான் மலையில் மூண்ட உள்நாட்டுப் போரின் தீ, ஜூலையில் அவர்கள் வாழ்ந்த திமிஷ்க் (டமாஸ்கஸ்) நகரை எட்டியது. கிறிஸ்தவர் வீடுகள் எரிந்தன. அமீர் தம் ஆட்களுடன் தெருவில் இறங்கி, சிக்கியவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கூட்டம் வாசலில் வந்து கேட்டபோதும் ஒப்படைக்க மறுத்தார்கள். வீடு நிறைந்ததும், காவலுடன் கோட்டைக்கு அனுப்பி வைத்தார்கள்.

ஸூடானில் 2023 ஏப்ரலில் போர் மூண்டது. அல்ஃபாஷிர் நகரம் 2024 மே முதல் முற்றுகையில் கிடந்து, 2025 அக்டோபரில் வீழ்ந்தது. தப்பி ஓடியோர் பலர் வழியிலேயே கொல்லப்பட்டனர். கொன்றவரும் கலிமாச் சொன்னவர். மாண்டவரும் கலிமாச் சொன்னவர். இணைவைப்பவருக்கே வழித்துணை கடமை என்றால், சகோதரனின் வழியை மறிப்பவன் மறுமையில் என்ன பதில் சொல்வான்?

சகோதரர்களே! ஒருவேளைச் சோறும் ஓரிரவுத் தங்கலும் மட்டும் அமான் ஆகிவிடாது. அஞ்சி வந்தவர் அச்சமற்ற மண்ணில் கால் வைக்கும்வரை பொறுப்பு நம்முடையதே. அதை நிறைவேற்ற வல்ல நாயன் தௌபீக் செய்வானாக! ஆமீன்.