இருட்டுக்கென்று ஒரு நொதி

இரவு பத்து மணிக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தைப் பார்த்திருக்கிறீர்களா, மாணவர்களே? 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இவ்விடத்தில் இரவிலும் வேலை நிற்பதில்லை. விளக்குகள் பகலைப்போல் எரிகின்றன. அப்பால் கடல் இருண்டு கிடக்கிறது. விளக்கொளியில் நிற்கும் தொழிலாளி, கிடங்கில் ஓடும் எலி, இருண்ட நீரில் திரியும் மீன், கரையிலுள்ள செடி ஆகிய நான்கு உயிர்களும் மெலடோனின் என்னும் ஒரே பொருளைத் தயாரிக்க வல்லவை.

1958இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர் இதை மாடுகளின் பினியல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார். அவர் தேடியது தோல் நிறத்துக்கான மருந்தை. கிடைத்ததோ இரவின் தூதுவன்!

நாம் உண்ணும் பருப்பிலும் மீனிலும் டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலம் உண்டு. இரண்டு நொதிகள் அதைச் செரடோனின் ஆக்குகின்றன. மூன்றாவது நொதி அதன்மேல் அசிட்டைல் தொகுதியை ஏற்றுகிறது. நான்காவது ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து மெலடோனினாக முடிக்கிறது. இவற்றுள் மூன்றாவதைக் கவனியுங்கள். இரவு பகல் கணக்கு அதன் கையில்தான் இருக்கிறது.

இருட்டில் இருந்த எலிகளின்மேல் திடீரென ஒளி பட்டால் என்ன ஆகும்? கிளைன், வெல்லர் என்னும் ஆய்வாளர்கள் 1972இல் இதைச் சோதித்தனர். சில நிமிடங்களிலேயே அந்நொதியின் செயல் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒளி பட்டதும் நொதி சிதைக்கப்படுவதே காரணம். (எலி இரவில் விழித்துத் திரியும் பிராணி. ஆகவே மெலடோனினை வெறும் 'தூக்க மருந்து' என்பது சரியன்று. "இரவு வந்துவிட்டது" என்பதே அது சொல்லும் செய்தி.)

மீனுக்கு இந்த ஏற்பாடு எளிது. ஓட்டுக்கூரையில் பதித்த கண்ணாடி வழியே வீட்டுக்குள் வெயில் விழுவதுபோல, மண்டையின் மெல்லிய பகுதி வழியே ஒளி உட்புகுகிறது. பினியலே அதை நேராக உணர்கிறது. நமக்கு அப்படியன்று. விழித்திரையில் பட்ட ஒளியின் செய்தி மூளையிலுள்ள கடிகாரத்துக்குச் சென்று, கழுத்து நரம்பு முடிச்சு வழியாகச் சுற்றிக்கொண்டு பினியலை அடைகிறது.

செடியில் பினியல் ஏது? அங்கே பசுங்கணிகத்தில் வேறு குலத்து நொதி ஒன்று அதே மூன்றாவது வேலையைச் செய்கிறது. அதன் உறவு நம்முடைய நொதியோடு அன்று. நீலப்பச்சைப் பாக்டீரியாவின் நொதியோடுதான்.

இப்போது விளக்கடியில் நிற்கும் தொழிலாளியிடம் திரும்புவோம். அவர் கண்ணில் படும் வெளிச்சம், குறிப்பாக அதன் நீலப்பகுதி, நள்ளிரவிலும் அந்நொதியை அடக்குகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் இரவுப்பணியைப் 'புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்புடையது' என்ற வகையில் சேர்த்தது. 2019இல் மீண்டும் ஆராய்ந்தபோதும் அதை மாற்றவில்லை. மெலடோனின் குறைவதும் ஒரு காரணமாயிருக்கலாம் எனக் கருதுகின்றனர். தேர்வுக்காலத்தில் நடு இரவுவரை கைப்பேசியை முகத்தருகே பிடித்துப் படிக்கும் உங்கள் பினியலுக்கும் எட்டுவது அதே செய்திதான்: இன்னும் பொழுது சாயவில்லை.