எல்லை நிலத்துப் பாடும் நடிகர் ராஜ்குமார்

ஓசூர், கிருஷ்ணகிரி என்னும் எம் நிலப்பகுதி மும்மொழி வழங்கும் எல்லை நிலமாகும். காலை வேளையில் ஓசூர்ப் பேருந்து நிலையத்தின்கண் நிற்பார், சிப்காட் தொழிற்சாலைகளுக்கு விரையும் மக்களின் வாயினின்று தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே எழக் கேட்பர். தேநீர்க் கடைகளிலோ, தமிழ்ப் பாட்டொன்று முடிய, ராஜ்குமாரின் கன்னடப் பாட்டொன்று தொடங்கும். அக்குரலைக் கேட்டு வளர்ந்தோமாயினும், அதற்குரியவரின் கலை எங்ஙனம் உருப்பெற்றது என்பதை நம்மிற் பலர் ஆராய்ந்தறியோம். அதனைச் சுருங்க உரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முத்துராஜ் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1929ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாள் காஜனூரிற் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்தது. இந்நாளில் தமிழ்நாட்டு ஈரோடு மாவட்டத்துத் தாளவாடிப் பகுதியில் உள்ளது. கன்னடர் தம் பெருமிதமாகப் போற்றும் நடிகர் நம் எல்லைக்குள் தோன்றியவர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

தந்தையார் புட்டசாமையா நாடக நடிகர். மைந்தரும் பள்ளிக் கல்வியைத் தொடக்க நிலையிலேயே விடுத்து மேடை ஏறினார். குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனி அவருக்குக் கல்லூரியாய் விளங்கிற்று. அக்காலத்து மேடையில் நடிப்பவரே பாடவும் வேண்டும். நம் நாட்டில் எஸ். ஜி. கிட்டப்பாவும் எம். கே. தியாகராஜ பாகவதரும் எய்திய புகழும் அவ்வழக்கின் பயனேயாம்.

பேசும் படத்திலோ, பின்னணிப் பாடல் முறை வந்தபின், உடல் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்றாயிற்று. எச். எல். என். சிம்மாவின் இயக்கத்தில் 1954இல் வெளிவந்த 'பேடர கண்ணப்பா'வே ராஜ்குமார் தலைவராக நடித்த முதற்படம். சேக்கிழார் பெரியபுராணத்துட் பாடிய கண்ணப்ப நாயனார் வரலாறே அதன் கதை. அக்கன்னடக் கண்ணப்பருக்குப் பாட்டிற் குரல் தந்தவர் தமிழ்ப் பாடகராகிய சி. எஸ். ஜெயராமன்! பின்னர்ப் பல்லாண்டுகள், தமிழ்ப் படங்களிலும் பாடிப் புகழ்பெற்ற பி. பி. ஸ்ரீநிவாஸின் குரலே ராஜ்குமாரின் குரலாக மக்கள் செவியில் நிலைத்தது. அவரோ ஆந்திர நாட்டுக் காக்கிநாடாவிற் பிறந்தவர். ஆகவே, அந்நடிகரின் புகழ்மாளிகைக்குக் கல் சுமந்தோர் ஒரு மொழியினர் மட்டுமல்லர்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1974இல் 'சம்பத்திகெ சவால்' என்னும் படத்திற்கு இசையமைத்த ஜி. கே. வெங்கடேஷ், ராஜ்குமாரையே பாடச் செய்தார். முன்னர் மிகச் சிலவே பாடியிருந்த அவருக்கு அப்பொழுது அகவை 45. அதுமுதல் தம் படங்களிற் பெரும்பாலும் தாமே பாடலானார். 'ஜீவன சைத்ர' படத்துப் பாட்டிற்காக 1992ஆம் ஆண்டிற்குரிய தேசிய விருதைப் பெற்றார். அது நடிகர்க்குரிய விருதன்று, பாடகர்க்குரியது. 1995ஆம் ஆண்டிற்குரிய தாதாசாகேப் பால்கே விருதும் அவரை அடைந்தது. இளமையில் முறையாகக் கற்ற கலை நெடுங்காலம் உறங்கினும் அழிவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

கல்வியிற் கன்னடத்திற்கு முதலிடம் வேண்டி 1982இல் எழுந்த கோகாக் கிளர்ச்சிக்கு அவர் தலைமை தாங்கினார். அதனால் மொழிப்பற்றின் உருவாகவே மக்கள் அவரைக் கருதினர். 2000ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள், தாம் பிறந்த காஜனூரிலிருந்தே வீரப்பனாற் கடத்தப்பட்டார். பெங்களூரிற் கலவரம் மூண்டது. இரு மாநிலங்களுக்கும் இடையே பேருந்துகள் ஓடாது நின்றன. ஒருவன் செய்த குற்றத்திற்காக அண்டை வீட்டாரை ஐயுறும் நிலை எல்லையோரத்து மக்களுக்கு நேர்ந்தது. ஆயினும், அவரை மீட்கக் காட்டினுட் சென்ற தூதுவர்களாகிய நக்கீரன் கோபாலும் பழ. நெடுமாறனும் தமிழரே என்பதை மறத்தலாகாது. 108 நாட்கள் கழித்து, நவம்பர் 15ஆம் நாள் அவர் மீண்டார்.

2006ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அவர்தம் கண்கள் பார்வையற்றோர்க்குத் தானமாக அளிக்கப்பட்டன. முதற்படத்திற் கண்ணீந்த அன்பராக நடித்தவர், முடிவில் மெய்யாகவே கண்ணீந்தார். அக்கண் பெற்றோரை இன்ன மொழியினர் என்று யாரும் வினவியிரார்.

நண்பர்காள்! கன்னடப் பேச்சைக் கேட்டறியும் யாம் அதன் எழுத்தைப் படிக்க அறியோம். தமிழ் இலக்கியம் பயில்வார்க்கு அது வேண்டாததென இதுகாறும் எண்ணியிருந்தோம். கண்ணப்பர் வரலாறு கன்னட மேடையிற் பெற்ற வாழ்வை அறிந்தபின் அவ்வெண்ணம் நீங்கிற்று. தம் மொழியைப் போற்றுவார்க்குப் பிறர் மொழி பகையன்று. வரும் விடுமுறையில் அவ்வெழுத்துக்களைக் கற்கத் துணிந்துள்ளோம். எம்மோடு கற்க விழைவார் வருக.