மலைவழிக் குதிரைகளின் முதுகுநோவு

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலைத் தொடர் எழுகிறது. அதன் ஒரு புறம் சித்தூர், கொல்லங்கோடு ஆகிய வயல்நாடு. மறுபுறம் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த மறையூரும் மூணாறும். இப்பகுதிகளில் குதிரை செய்யும் வேலை ஒருவகையானதன்று. சித்தூர் வட்டத்துத் தத்தமங்கலத்தில் அங்காடி வேலா விழாவில் குதிரையோட்டம் நிகழ்கிறது. மூணாற்றுப் பக்கம் மட்டக்குதிரைகள் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கின்றன. கிழக்கே போடிநாயக்கனூரை ஒட்டிய மலைச்சிற்றூர்களுக்குச் சாலை எட்டாத இடங்களில் அவை பொதி ஏற்றிச் செல்கின்றன. வேலை வேறாயினும் பாரம் விழும் இடம் ஒன்றே.

சேணம் பூட்டும்போது கடிக்க வரும் குதிரையையும், இறக்கத்தில் நின்றுவிடும் குதிரையையும் முரட்டுக் குதிரை என்று பெயரிட்டுக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவது வழக்கம். வாங்கியவரும் சாட்டையை எடுக்கிறார். இத்தகைய குதிரைகளில் பலவற்றுக்குக் குணக்கேடு ஏதுமில்லை. முதுகு வலிக்கிறது, அவ்வளவே. இங்கிலாந்தின் கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவருடன் பணியாற்றியோரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஏறிச் செலுத்தும்போது குதிரை காட்டும் இருபத்து நான்கு நடத்தைகளைத் தொகுத்தது. காதுகளைப் பின்னோக்கி மடித்தல், வாலை ஓயாமல் வீசுதல், வாயைத் திறந்து வைத்தல் போன்றவை அவற்றுட் சில. எட்டும் அதற்கு மேலும் காணப்பட்டால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்கக்கூடும் என்று கொள்ள வேண்டும்.

குதிரையின் முதுகெலும்பில் மார்புப் பகுதிக்குப் பதினெட்டு எலும்புகளும் இடுப்புக்கு வழக்கமாக ஆறும் உள்ளன. சேணம் அமர வேண்டிய இடம் தோள்மேட்டுக்குப் பின்னிருந்து கடைசி விலா எலும்பு வரையுள்ள பகுதியே. அதற்குப் பின்னுள்ள இடுப்புக்கு விலாவின் தாங்கல் இல்லை. நடுமுதுகில் மேல்நோக்கி நிற்கும் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று நெருங்கி உரசுவதும் உண்டு. இது பெரும்பாலும் பத்தாவது எலும்புக்கும் பதினெட்டாவதற்கும் இடையே, அதாவது சேணத்தின் அடியிலேயே, காணப்படுவதாகும்.

மலைவழி இதற்கு இன்னொரு தொல்லையைச் சேர்க்கிறது. ஏற்றத்தில் சேணம் பின்னோக்கி நழுவி இடுப்பின்மேல் ஏறுகிறது. இறக்கத்தில் முன்னோக்கிச் சென்று தோள்மேட்டை நசுக்குகிறது. நழுவாதிருக்க வயிற்றுவாரை மேலும் மேலும் இறுக்குவோர் உளர். அதனால் மூச்சு திணறுமேயன்றிச் சேணம் நிற்காது. ஏற்றத்துக்கு மார்புவாரும், இறக்கத்துக்கு வாலடியில் செல்லும் வாரும் பூட்டுவதே முறை. மூணாற்றுப் பருவமழையில் நனைந்த கம்பளத்தை மறுநாளும் விரிப்பதால் தோல் வெந்து புண்ணாகிறது. இரண்டு கம்பளங்கள் வைத்து மாற்றி உலர்த்துவது பெருஞ்செலவன்று. மலையின் மழைமறைவிலுள்ள மறையூரில் ஈரத்தொல்லை குறைவு, வியர்வையும் தூசியும் சேர்ந்த அழுக்கே அங்கே பகை.

சோதிக்கும் வழி எளிது. சேணத்தைக் கழற்றியவுடன் வியர்வையின் அடையாளத்தைப் பார்க்க வேண்டும். எங்கும் நனைந்திருக்க ஓரிடம் மட்டும் உலர்ந்திருந்தால் அங்கே அழுத்தம் மிகுந்துள்ளது என்று ஐயுறலாம். வெள்ளை மயிர்த் திட்டுகள் பழைய அழுத்தத்தின் தழும்புகள். பின்னர் முதுகெலும்புக்கு இரு விரற்கடை தள்ளி, விரல் நுனியால் தோள்மேட்டிலிருந்து இடுப்புவரை மெல்ல அழுத்திச் செல்க. நலமான முதுகு சிறிது தாழ்ந்து மீளும். வலியுள்ளது துள்ளும், அல்லது பலகைபோல் விறைத்து நிற்கும். விறைத்து நிற்பதை அமைதி என்று எண்ணிவிடலாகாது.

பாரத்தின் கணக்கு இன்னும் முக்கியமானது. அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வொன்றில் எட்டுக் குதிரைகள் தம் உடல் எடையில் 15, 20, 25, 30 விழுக்காடு பாரம் சுமந்தன. 25க்கும் 30க்கும் சென்றபோது தசைநோவு வெளிப்பட்டது. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு 20 விழுக்காடு என்பது 50 கிலோ. சேணம் எட்டுக் கிலோவானால் ஏறுபவர் 42 கிலோவுக்கு மேற்படலாகாது. வளர்ந்த ஆடவர் பலர் இக்கணக்கில் அடங்கார் என்பது தெளிவு. அவர்களைத் திருப்பியனுப்புவது ஒரே குதிரையை நம்பிப் பிழைப்பவருக்கு எளிதுமன்று. ஆயினும் பருவத்தின் நடுவில் குதிரை படுத்துவிட்டால் ஏற்படும் இழப்பு அதனினும் பெரிது. இந்திய அரசின் 1965ஆம் ஆண்டு விதிகள் மட்டக்குதிரைக்குப் பொதியின் உச்சவரம்பை 70 கிலோவாகவும், கோவேறு கழுதைக்கு 200 கிலோவாகவும் வகுத்துள்ளன. நாளொன்றுக்கு ஒன்பது மணிக்கு மேல் வேலை வாங்குதலும், இடைவிடாது ஐந்து மணிக்கு மேல் வாங்குதலும் கூடா. சேணத்தின் வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உள்ளது. 70 கிலோ என்பது மீறக்கூடாத எல்லையேயன்றி, சிறிய குதிரைக்கும் ஏற்றவேண்டிய அளவு அன்று.

சேணமின்றி ஏறினால் முதுகுக்கு நலம் என்ற எண்ணமும் திருத்தத்தக்கது. ஏறுபவரின் பாரம் அப்போது இரு இடுப்பெலும்பு முனைகளின் கீழ்ச் சிறு பரப்பில் குவிகிறது என்பது 2013இல் அளந்து காட்டப்பட்டது.

முதுகுநோவு போலத் தோன்றும் வேறு நோய்களை அறிந்திருத்தல் இன்றியமையாதது. மாடுகளின் வயிற்றறையில் வாழும் செட்டேரியா என்னும் புழுவின் இளநிலைகளைக் கொசு குதிரைக்கு ஏற்றும். அவை வழிதவறித் தண்டுவடத்தை அடைந்தால் பின்னுடல் தள்ளாடும். வட இந்தியாவில் இதனைக் கும்ரி என்பர். வயலும் தொழுவமும் அருகருகே உள்ள ஊர்களில் மாட்டுக்கொட்டிலுக்குத் தொலைவில் குதிரையைக் கட்டுவதும், மாலையில் கொசுவை விலக்குவதும் தக்கவை. ஓய்வுநாளிலும் கொள்ளைக் குறைக்காது வைத்து, மறுநாள் வேலைக்கு இழுத்தபோது இடுப்பு இறுகிச் சிறுநீர் காப்பி நிறமாகப் போகுமானால் அது தசைச் சிதைவு. அக்குதிரையை ஓரடியும் நடத்தாமல் மருத்துவரை அங்கேயே அழைக்க வேண்டும். பின்காலின் நொண்டலும், சரியாக அடிக்கப்படாத லாடமும் முதுகை வலிக்கச் செய்யும்; ஆதலின் குளம்பையும் பார்த்தல் நலம்.

நோவு உறுதியானால் முதல் மருந்து சேணத்தை இறக்கி வைப்பதே. புதிய வீக்கத்துக்கு முதலிரு நாட்கள் குளிர்ந்த ஒத்தடமும், பின்னர் வெதுவெதுப்பான ஒத்தடமும் இதந்தரும். வலிநீக்கி மருந்தைக் கால்நடை மருத்துவரே தர வேண்டும். கழுகினத்தைக் காக்கும்பொருட்டு டைக்ளோஃபெனாக் 2006இலும், கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023இலும் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடுக்கப்பட்டன. ஊசி போட்டு வலியை மறைத்து அன்றே ஓட்டத்துக்கு விடுவது சிறு காயத்தைத் தீராத காயமாக்கும்.

வலி தணிந்தபின் கையில் பிடித்துச் சமநிலத்தில் நடத்துதல் தொடங்கலாம். கேரட்டைக் காட்டிக் குதிரையின் தலையை மார்புக்கும், விலாப்புறத்துக்கும், முன்கால்களிடைக்கும் மெல்ல வரச்செய்யும் பயிற்சி உண்டு. மூன்று மாதங்கள், வாரம் ஐந்து நாட்கள் இதைச் செய்த எட்டுக் குதிரைகளின் முதுகெலும்பை ஒட்டிய ஆழ்தசை பருத்தது என 2011ஆம் ஆண்டு ஆய்வு தெரிவிக்கிறது. பணமோ கருவியோ வேண்டாத இப்பயிற்சியைக் காலையில் தீனிக்கு முன் கொட்டிலிலேயே செய்யலாம். அது முடிந்து, விரலால் அழுத்தும் சோதனையில் முதுகு துள்ளாத நிலை வந்த பின்னரே, சேணத்தை ஆள் ஏறாமல் சில நாட்கள் வைத்துப் பார்த்து, குறைந்த எடையுள்ள ஒருவரை முதலில் ஏற்ற வேண்டும்.