செம்பனை மண்ணை ஆராயப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

தங்கா பத்து ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மண்ணில் என்னென்ன நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல வேலை. மண் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்வதே இல்லை. அதனால் இப்போது மண்ணிலிருந்தே டிஎன்ஏவைப் பிரித்து, எல்லாப் பாக்டீரியாவிடமும் உள்ள 16எஸ் மரபணுவின் ஒரு துண்டைப் பெருக்கி, வரிசைப்படுத்தும் இயந்திரத்தில் ஏற்றினால், லட்சக்கணக்கான டிஎன்ஏ வரிசைகள் ஒரே ஓட்டத்தில் வந்து விழுகின்றன. எதை ஏற்றினாலும் விழும், அதுதான் சிக்கல்.

2014இல் சூசன்னா சால்ட்டர் குழுவினர் ஒரே வகை சால்மொனெல்லாவை மட்டும் எடுத்து, படிப்படியாக நீர்க்க வைத்து வரிசைப்படுத்தினார்கள். நீர்க்க நீர்க்க, அவர்கள் போடாத பாக்டீரியாக்கள் பட்டியலில் ஏறின. கடைசியில் அவையே மிகுந்து நின்றன. டிஎன்ஏ பிரிக்கும் வேதிப்பொருள்களிலிருந்தே அவை வந்திருந்தன. மண்ணில்தான் டிஎன்ஏ தாராளமாயிற்றே என்று இருந்துவிடாதே. மண் போடாத வெற்றுக் குழாய் ஒன்றும் முதலிலிருந்து கடைசிவரை கூடவே போகட்டும்.

அடுத்தது, எண்ணிக்கை மோகம். லாரிசா லீ-குரூஸ் குழுவினர் 2013இல் வெளியிட்ட, மலேசியாவின் சபா மாநில ஆய்வைப் படி. கன்னிக்காடு, மரம் வெட்டிய காடு, செம்பனைத் தோட்டம் மூன்றின் மண்ணையும் ஒப்பிட்டார்கள். ஓரிடத்தில் எத்தனை வகை என்று பார்த்தால் வேறுபாடே இல்லை! எந்தெந்த வகை என்று பார்த்தபோதுதான் தோட்ட மண் தனித்து நின்றது. காட்டுக்குரிய சில பாக்டீரியாக்கள் அங்கே காணாமல் போயிருந்தன. எண்ணிக்கையோடு நிறுத்தியிருந்தால், காட்டை அழித்துச் செம்பனை நட்டாலும் மண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது கொண்டாடியிருப்பார்கள். பல்வகைமைக்கு ஒற்றை எண்ணைக் கொடுத்துத் தலைப்பிலேயே போடும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

மாதிரி எடுப்பதில்தான் உன் மூளை முழுக்கச் செலவாக வேண்டும். உரம் விழும் மரத்தடி வட்டம், வெட்டிய மட்டையை அடுக்கும் நிரை, குலை சுமந்து நடக்கும் பாதை: ஒரே தோட்டத்தில் இவை மூன்று வேறு மண்கள். அம்மோனியம் சல்பேட் போட்டுவந்த இடத்தில் அமிலம் ஏறியிருக்கும். அது சின்ன விஷயமல்ல. காடும் தோட்டமுமாகப் பலவகை மலேசிய மண்களைப் பார்த்த பினு திரிபாதி குழுவினர், பாக்டீரியாக் கூட்டத்தின் அமைப்போடு மிக நெருங்கி ஒத்துப்போவது மண்ணின் பிஎச் அளவுதான் என்று 2012இல் காட்டினார்கள். எந்தப் பகுதி முன்பு பால்மரக் காடாக, அதாவது ரப்பர்த் தோட்டமாக, இருந்தது, எப்போது மறுநடவு ஆனது, எங்கே உர மூட்டை இறக்குவார்கள் என்பதெல்லாம் எந்தத் தரவுத்தளத்திலும் கிடைக்காது. தோட்ட லயத்தில் வாழ்ந்த பெரியவர்களையும், வேலையை மேற்பார்த்த பழைய மண்டோர்களையும் கேள். கேட்டதை மாதிரி எண்ணோடு சேர்த்து எழுதி வை.

இன்னொன்று: செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏவும் மண்ணில் கிடக்கும், அதையும் இயந்திரம் வாசிக்கும். ஆகவே "இருக்கிறது" என்று எழுதுமுன் யோசி.

வரிசைப்படுத்தப் பணம் கட்டுவதற்கு முன் எல்லா மாதிரிக்கும் பிஎச் அளந்து, எடுத்த இடத்தையும் குறித்து எனக்கு அனுப்பு. எத்தனை மாதிரியை வரிசைப்படுத்த வேண்டும் என்று அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

அன்புடன்,
அக்கா